வெளியே வந்தவருக்கு ஒரு கையேடு

வாழ்த்துகள். நீங்கள் திருந்திவிட்டதாக அரசு நம்புகிறது. அதனால்தான் கேட்டைத் திறந்துவிட்டது. அதே அரசின் இன்னொரு மேசையில், நீங்கள் திருந்தவே இல்லை என்று ஒரு கோப்பு திறந்தபடி கிடக்கிறது. இரண்டு மேசையும் கோட்டையில் ஒரே உள்துறையின் கீழ்தான் வருகின்றன. ஆனாலும் பேச்சுவார்த்தை கிடையாது. நடுவில் மாட்டிக்கொண்ட நீங்கள் எப்படிப் பிழைப்பது என்று சொல்லித்தர இதுவரை கையேடு எதுவும் இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இது. தமிழ்நாட்டின் ஒன்பது மத்திய சிறைகளில் எதிலிருந்து வந்தவருக்கும் பயன்படும். உதாரணங்கள் புழலைச் சுற்றியே இருப்பதாக மதுரைக்காரர்களும் பாளையங்கோட்டைக்காரர்களும் கோபிக்க வேண்டாம். சென்னைக்காரன் எழுதினால் அப்படித்தான் வரும்.

முதலில், நீங்கள் எந்த ரகம்?

உள்ளே போய் வந்தவரெல்லாம் தண்டனை அனுபவித்தவர் என்று ஊர் நினைக்கிறது. 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அதில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலு பேரில் மூன்று பேர் மீது குற்றம் நிரூபணமே ஆகவில்லை. அந்த மூவரில் நீங்கள் ஒருவர் என்றால் மன்னிக்கவும், மறுவாழ்வுத் திட்டங்கள் பெரும்பாலும் உங்களுக்கானவை அல்ல. நீங்கள்தான் குற்றவாளி இல்லையே, உங்களை எங்கிருந்து திருத்துவது? விசாரணைக் கைதியை வேலை செய்யச் சொல்ல முடியாது என்பதால் உள்ளே கூலியும் சேர்ந்திருக்காது. இரண்டு வருடம் வாய்தா வாய்தாவாகப் போய்வந்து, ஒருநாள் நீதிபதி விடுதலை என்பார். அதற்குள் பார்த்த வேலை போயிருக்கும், ஓட்டிய ஆட்டோ கைமாறியிருக்கும், பிள்ளை பள்ளிக்கூடம் மாறியிருக்கும். இதற்கெல்லாம் நிவாரணம் கேட்டு யாரிடமும் போக முடியாது. உங்களுக்கு எதுவுமே ஆகவில்லை என்பதுதானே தீர்ப்பு.

ஜாமீன் கிடைத்தும் கட்டப் பணமில்லாமல் உள்ளேயே கிடந்தவர்களை மட்டும் ஒன்றிய அரசு நினைத்துப் பார்த்தது. 2023-இல் வந்த ஏழைச் சிறைவாசிகளுக்கான உதவித் திட்டத்தில் ஜாமீனுக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் தரலாம் என்று அப்போது வைத்தார்கள். மாவட்டத்துக்கு ஒரு குழு கூடி முடிவு செய்யும். குழு கூடும்வரை நீங்கள் காத்திருக்கலாம். உள்ளே இருப்பவருக்கு வேறென்ன அவசரம்?

ஆக, உதவி வேண்டுமென்றால் தண்டனை பெற்றிருப்பது நல்லது. அதிலும் குற்றத்தைப் பார்த்துச் செய்திருக்க வேண்டும். கள்ளச்சாராயம் விற்று மனம் திருந்தியவருக்குத் தனியாகவே ஒரு மறுவாழ்வு நிதி இருக்கிறது. கறவை மாடு வாங்கலாம், பெட்டிக்கடை வைக்கலாம். 2003 முதல் சில்லறை மது விற்பனையை டாஸ்மாக் வழியாகத் தானே நடத்திவரும் அரசு, தொழில் போட்டியாளர்களிடம் இவ்வளவு பெருந்தன்மை காட்டுவது பாராட்டுக்குரியது. செயின் அறுத்தவருக்கு அப்படித் தனி நிதி எதுவும் இல்லை. அந்தத் தொழிலில் அரசு இன்னும் இறங்கவில்லை.

ஆயுள் கைதி என்றால் நன்னடத்தை மட்டும் போதாது, நல்லதொரு நூற்றாண்டும் அமைய வேண்டும். 2008 செப்டம்பர் 15-இல் அண்ணா நூற்றாண்டுக்காக 1,405 ஆயுள் கைதிகளை வெளியே விட்டார்கள். எம்.ஜி.ஆர். நூற்றாண்டுக்கு 2018-இல் இன்னொரு தொகுதி வந்தது. தலைவர்களின் பிறந்த ஆண்டு அட்டவணை ஒன்றைக் கைவசம் வைத்திருப்பது நலம்.

குண்டாஸில் போய் வந்தவர்களுக்கு ஒரே ஒரு வரி. 1982-ஆம் ஆண்டின் 14-ஆம் எண் சட்டப்படி வழக்கு முடியாமலே ஓராண்டு வரை உங்களை வைத்திருக்கலாம். ஆனால் தடுப்புக் காவலில் இருப்பவருக்கு ஓட்டுரிமை உண்டு. மற்ற சிறைவாசிகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே உங்களைச் சலுகை பெற்ற வகுப்பாகவே இக்கையேடு கருதுகிறது.

வாசல்

கேட்டைத் தாண்டியதும் ஆனந்தக் கண்ணீர் விடாதீர்கள், கண்ணை மறைக்கும். முதலில் இடமும் வலமும் பாருங்கள். ஜீப் நிற்கிறதா? வேறேதாவது ஸ்டேஷனில் உங்கள் பெயரில் ஒரு பழைய வழக்கு தூங்கிக்கொண்டிருந்தால், நீங்கள் வெளியே வரும் நாளாகப் பார்த்துத்தான் அது கண் விழிக்கும். வாசலிலேயே அள்ளிக்கொண்டு போவார்கள். வாங்கி வைத்த மாலை வாடுவதற்குள் நீங்கள் திரும்ப உள்ளே வந்துவிடுவதால், இதைவிட விரைவான மறு ஒருங்கிணைப்பு உலகில் எங்கும் இல்லை.

ஜீப் இல்லையென்றால் ஒரு பைக் நிற்கும். அண்ணன் அனுப்பிய பைக். இந்த அண்ணனைச் சாதாரணமாக எடைபோடாதீர்கள். மறுவாழ்வு, மறுவாழ்வு என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்களே, அதைத் தமிழ்நாட்டில் ஒன்றுவிடாமல் நடத்திக் காட்டும் ஒரே அமைப்பு அவருடையதுதான். வந்திறங்கும் நாள் அவருக்குத் தெரியும். வண்டி அனுப்புகிறார். வழியில் பிரியாணி. கையில் ரீசார்ஜ் செய்த போன். படுக்க ஒரு ரூம். அட்வான்ஸ் கிடையாது, ஆதார் நகல் கிடையாது. நீங்கள் உள்ளே இருந்தபோது வக்கீல் பீஸ் கட்டியவர் அவர். உங்கள் அம்மாவுக்கு மருந்து வாங்கிக் கொடுத்ததும் அவர் ஆள்தான். வேலையும் தயார். முன்னனுபவம் அங்கே குறை அல்ல, தகுதி. "நீ ரெண்டு நாள் ரெஸ்ட் எடுடா, அப்புறம் பேசிக்கலாம்" என்பார். இந்த ஒரு வாக்கியத்தை உங்களிடம் சொல்வதற்கு அரசில் எந்த அதிகாரியும் நியமிக்கப்படவில்லை.

எதிர்த்தரப்பில் அரசு என்ன வைத்திருக்கிறது? ஊர் போய்ச் சேர வழிச்செலவு. அப்புறம், விடுதலை பெற்ற சிறைவாசிகள் உதவிச் சங்கம். நல்ல சங்கம், குறை சொல்ல மாட்டேன். சிறுதொழில் தொடங்க உதவுகிறது. ஆனால் விண்ணப்பம், விசாரணை, பரிந்துரை, கூட்டம், ஒப்புதல் எல்லாம் முடிந்து தையல் இயந்திரம் வந்து சேரும் நாளுக்கும், நீங்கள் பசியோடு வாசலில் நிற்கும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அண்ணன் தொழில் நடத்துவதே அந்த இடைவெளியில்தான்.

அண்ணன் வண்டியில் ஏறாதீர்கள் என்றே இக்கையேடு பரிந்துரைக்கிறது. பஸ் ஏறுங்கள். தெற்கே போகிறவர் பழைய ஞாபகத்தில் கோயம்பேடு போய் இறங்க வேண்டாம். 2023 கடைசியில் கிளாம்பாக்கத்தில் புது நிலையம் திறந்து, தென்மாவட்ட பஸ்களை அங்கே கொண்டுபோய்விட்டார்கள். புழல் நகரத்தின் ஒரு கோடி, கிளாம்பாக்கம் மறு கோடி. வழிச்செலவில் பாதி ஊருக்குள்ளேயே தீர்ந்துவிடும். 2016-க்கு முன் உள்ளே போனவர் பரணில் ஒளித்து வைத்த ஆயிரம் ரூபாய்க் கட்டு நினைவுக்கு வந்து தெம்பாக இருந்தால், அந்தத் தெம்பை இப்போதே விட்டுவிடுங்கள். கடைக்காரர் ஒரு கட்டம்போட்ட அட்டையை நீட்டினால் திகைக்காதீர்கள். போனைக் காட்டி ஸ்கேன் செய்வது இப்போதைய வழக்கம். போன் இல்லை என்றால் மட்டும் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

வீடு

"களி தின்னியா?" என்று யாராவது கேட்பார்கள். உள்ளே இப்போது கோழிக்கறி உண்டு என்று சொல்லிவிடாதீர்கள். கேட்டவர் முகம் வாடும். வரி கட்டுகிறவருக்கு நீங்கள் கஷ்டப்பட்டீர்கள் என்ற ஆறுதலையாவது கொடுப்பது உங்கள் கடமை. "ஆமாம்ணே, களிதான்" என்று தலை குனிந்தால் ஊர் பாதி மன்னித்துவிடும்.

ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறதா பாருங்கள். வாக்காளர் பட்டியலிலும் பாருங்கள். ஆதாரில் இருக்கும் முகத்துக்கும் இப்போதைய முகத்துக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பாருங்கள். இவை மூன்றும் சரியானால் நீங்கள் சட்டப்படி மனிதர். அதற்கு மூன்று அலுவலகங்களுக்குப் போக வேண்டும். "இவ்வளவு நாளா எங்க இருந்தீங்க?" என்று மூன்றிலும் கேட்பார்கள்.

நீங்கள் பெண் என்றால் இந்தப் பகுதி உங்களுக்கு ஒத்துவராது. நையாண்டிக்கும் அங்கே அதிகம் இடமில்லை. சிறை வாசலில் மனு பார்க்க நிற்கும் வரிசையைப் பாருங்கள். புருஷனைப் பார்க்க வந்த பெண்டாட்டி, மகனைப் பார்க்க வந்த தாய், தம்பியைப் பார்க்க வந்த அக்கா. பெண்கள் சிறை வாசலில் புருஷன்மார் வரிசை அவ்வளவு நீளமாக இருப்பதில்லை. ஆண் திரும்பி வரும்போது வீடு முகம் சுளித்துக்கொண்டாவது கதவைத் திறக்கும். பெண் திரும்பி வரும்போது பல வீடுகளில் அந்த இடத்தில் வேறொருத்தி இருப்பாள், பிள்ளைகளிடம் அம்மா செத்துப்போனதாகச் சொல்லி வளர்த்திருப்பார்கள். உதவித் திட்டங்கள் எழுதுபவர்கள் தையல் இயந்திரத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த இயந்திரத்தை எந்த வீட்டில் வைப்பது என்று எழுதுவதில்லை.

வேலை

இதில்தான் அரசின் பெருமை முழுவதும் இருக்கிறது. சிறைத்துறை பெட்ரோல் பங்க் நடத்துகிறது. புழல், வேலூர், கோவை என்று பல ஊர்களில் இருக்கிறது. 2023-இல் புழலில் பெண் சிறைவாசிகளே நடத்தும் பங்க் ஒன்றும் திறந்தார்கள். கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர் நம் வண்டிக்குப் பெட்ரோல் அடித்து, ஐந்நூறு ரூபாய் நோட்டை வாங்கி, மீதியை எண்ணிக் கொடுப்பார். அளவு சரியாக இருக்கும் என்று நம்பி, வழியில் இரண்டு பங்க்கைத் தாண்டி அங்கே போகிறவர்களை எனக்குத் தெரியும். சிறையில் தயாராகும் பொருள்களுக்கு 'ஃப்ரீடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வைத்தவர் சிரிக்காமல்தான் வைத்திருக்க வேண்டும். வேலூர் மத்திய சிறையில் தைக்கும் பூட்ஸ் காவலர்களின் காலுக்குப் போகிறது. உங்களைப் பிடிக்க ஓடிவருபவர் போட்டிருப்பது நீங்கள் தைத்ததாகவும் இருக்கலாம். தையல் பிரியாது, தரத்துக்கு நானே சாட்சி சொல்கிறேன்.

சரி, தண்டனை முடிந்து வெளியே வந்தாயிற்று. இத்தனை வருடம் கல்லாப் பெட்டியில் கைவைத்து ஒரு ரூபாய் குறையாமல் கணக்கு ஒப்படைத்தவர் நீங்கள். நேரே ஒரு தனியார் பங்க்குக்குப் போய் வேலை கேளுங்கள்.

"முன்னாடி எங்க வேலை பார்த்தீங்க?"

"பெட்ரோல் பங்க்லதான் சார், ஆறு வருஷம்."

"நல்லது. எந்த பங்க்?"

பேட்டி இங்கே முடிகிறது. தண்டனை அனுபவிக்கும்வரை நீங்கள் பணத்தை நம்பி ஒப்படைக்கத் தகுந்தவர். அனுபவித்து முடித்த அன்று அந்தத் தகுதி காலாவதியாகிவிடும். இதிலுள்ள தர்க்கம் புரியவில்லை என்றால், உங்களுக்குத் திருத்தம் இன்னும் போதவில்லை என்று பொருள்.

உள்ளே பத்தாவது, பன்னிரண்டாவது எழுதித் தேறியவர்கள், தொழிற்பயிற்சி முடித்தவர்கள் சான்றிதழைக் கவரில் போட்டு பத்திரமாக வைத்திருப்பீர்கள். தேர்ச்சி விகிதம் ஆண்டுதோறும் பத்திரிகையில் வரும், அதிகாரிகள் இனிப்பு ஊட்டும் படமும் வரும். அந்தப் படத்தை மட்டும் வேலை கேட்கப் போகும்போது எடுத்துப் போகாதீர்கள்.

வழக்கைச் சொல்வதா, மறைப்பதா? இது எல்லோரும் கேட்கும் கேள்வி. சொன்னால் வேலை கிடைக்காது. மறைத்தால், கிடைத்த வேலை போகும். உண்மையை மறைத்தார் என்ற புதுக் குற்றமும் சேரும். இப்போது தமிழ்நாடு காவல்துறையே இணையத்தில் சரிபார்ப்புச் சேவை நடத்துகிறது. வேலைக்கு வருபவர், வாடகைக்கு வருபவர், வீட்டு வேலைக்கு வருபவர் எல்லோரையும் கட்டணம் செலுத்திச் சரிபார்க்கலாம். உங்களைத் திருத்தி அனுப்பிய அரசே, நீங்கள் திருந்தாத காலத்தின் விவரத்தைக் கட்டணத்துக்குத் தருகிறது.

போலீஸ் வேலைக்கே முயன்று பார்க்கலாம் என்ற விபரீத ஆசை விடுதலையான இளைஞர்களுக்கு வருவதுண்டு. விதியைப் படித்துவிட்டு ஆசைப்படுங்கள். சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும், புகார் கொடுத்தவர் பிறழ்சாட்சியானதால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்கிறது தமிழ்நாட்டுக் காவலர் பணி விதி. 2008-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு இதை ஏற்றுக்கொண்டது. இதற்கு நேர் எதிராக இன்னொரு சட்டமும் இருக்கிறது. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டப்படி, எச்சரிக்கையோடோ பிணையோடோ அனுப்பப்பட்டவருக்கு அந்தத் தீர்ப்பால் எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்று 12-ஆம் பிரிவு சொல்கிறது. அருமையான பிரிவு. தீர்ப்புக்கு முன்பே வக்கீலிடம் இதைக் கேட்டிருக்க வேண்டும். இப்போது வெளியே வந்துவிட்டீர்கள். அடுத்த முறை கேட்கலாம். ஆனால் அடுத்த முறை என்று ஒன்று வந்தால் நீதிபதி இந்தப் பிரிவின் பக்கத்தைத் திருப்ப மாட்டார்.

பின்னே யார்தான் வேலை தருவார்? மேஸ்திரி. விடிகாலையில் நாற்சந்தியில் கூடும் கூட்டத்தில் போய் நில்லுங்கள். "சிமெண்ட் மூட்டை தூக்குவியா? ஏறு வண்டில." அவ்வளவுதான் பேட்டி. பெயரைக்கூடச் சாயங்காலம் கூலி கொடுக்கும்போதுதான் கேட்பார். காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குவது, கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுவது, ராத்திரி மீன் வண்டி என்று கேள்வி கேட்காத தொழில்கள் இந்த நாட்டில் இன்னும் மிச்சமிருக்கின்றன. தமிழ்நாட்டின் மிகப் பெரிய மறுவாழ்வுத் துறை அதுதான் என்பது என் தீர்மானமான எண்ணம். அதற்குத் தனி அமைச்சர் இல்லை; அதனால்தான் ஒழுங்காக நடக்கிறது.

வாடகை வீடு

புத்தகக் கண்காட்சியில் சிறைத்துறை அரங்கு போட்டு, 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் சிறைவாசிகளுக்காகப் புத்தகங்களைக் கொடையாகக் கேட்டது. ஜனங்கள் அள்ளிக் கொடுத்தார்கள். நானும் பார்த்தேன், தடித்தடியாக நல்ல நாவல்கள். நீங்கள் உள்ளே வாசித்த புத்தகத்தின் முதல் பக்கத்தில் யாராவது அன்போடு கையெழுத்திட்டு, பேட்டைப் பெயரும் எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அந்தப் பேட்டையில் வீடு தேடாதீர்கள். புத்தகம் கொடுத்தவர் நல்லவர்தான். மாடி போர்ஷன் வேறு விஷயம்.

ஸ்டேஷன்

சினிமாவில் வருவதுபோல ஒருநாள் கூப்பிட்டு மிரட்டிவிட்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தால் நீங்கள் ஏமாந்துபோவீர்கள். உங்கள் பெயரில் சரித்திரப் பதிவேடு ஒன்று தொடங்கியிருக்கும். பாண்டியருக்கும் சோழருக்கும் இருப்பதைவிட ஒழுங்கான சரித்திரம் அது: அங்க அடையாளம், கூட்டாளிகள், அடிக்கடி போகும் டீக்கடை, மாமியார் வீட்டு விலாசம். குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு அதை மூட வேண்டும். தொடர்வதானால் காரணம் எழுதி மேலதிகாரியின் ஆணை பெற வேண்டும் என்பது நிலையாணை. காரணம் எழுதாமல் இயந்திரம்போல நீட்டித்த பதிவேடுகளை நீதிமன்றம் ரத்து செய்ததுண்டு. அதற்கு நீங்கள் உயர் நீதிமன்றத்தில் ரிட் போட வேண்டும். சித்தாள் கூலியில் அதை எப்படிப் போடுவது என்பது இக்கையேட்டின் எல்லைக்கு வெளியே.

இரவில் கதவைத் தட்டுவார்கள். சந்தேகக் குற்றவாளியின் வீட்டுக்கு ராத்திரியில் போய்ச் சோதிப்பது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று உச்ச நீதிமன்றம் கரக் சிங் வழக்கில் 1962-லேயே சொல்லிவிட்டது. தட்டுகிறவரிடம் இதை எடுத்துச் சொல்ல வேண்டாம். சட்டம் தெரிந்தவன் என்று பதிவேட்டில் ஒரு வரி கூடும்.

திருவிழா, தேர்தல், தலைவர் வருகை ஆகிய நாள்களில் வெளியூர்ப் பயணம் வைத்துக்கொள்ளாதீர்கள். அந்நாள்களில் உங்களைத் தேடுவார்கள். சொந்தத் தங்கை கல்யாணத்துக்குக்கூட உங்களை அப்படித் தேடியிருக்க மாட்டார்கள். கூட்டிப்போய் நன்னடத்தைப் பிணை எழுதி வாங்குவார்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ரொம்ப நாள் இதற்கு 110-ஆம் பிரிவு என்று பெயர். 2024 ஜூலை முதல் புதுச் சட்டத்தில் 129. எண் மாறியதில் குழம்ப வேண்டாம், கையெழுத்துப் போடும் இடம் அதேதான். மூன்று ஆண்டு வரை ஒழுக்கமாக இருப்பேன் என்று எழுதித் தர வேண்டும். எழுதித் தராமலே ஒழுக்கமாக இருக்கும் ஊர்க்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. கொஞ்ச காலம் போலீஸ் துணை ஆணையரே நிர்வாக நடுவராகவும் உட்கார்ந்து இந்தப் பிணையை வாங்கினார். பிடித்தவரே விசாரித்து அவரே உள்ளே அனுப்புவது வேகமான முறைதான். ஆனால் 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கான அரசாணைகளைச் செல்லாது என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் நேற்று முளைத்த பழக்கம் இல்லை. ஆளைத் திருத்துகிறேன் என்று ராத்திரி எங்கே படுக்கிறான் என்று கணக்கெடுப்பதில் இந்த மண்ணில் அரசுக்கு நூறாண்டுக்கு மேல் அனுபவம் உண்டு. குற்றப்பரம்பரைச் சட்டத்தை மக்கள் ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைத்து, ராத்திரிச் சீட்டு வாங்காமல் ஊர் எல்லையைத் தாண்ட முடியாது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல் அந்தச் சட்டத்தை எடுத்தார்கள். அடுத்த ஆண்டே, 1948-இல், வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. ஒரு வருடம் எப்படித்தான் சட்டம் இல்லாமல் சமாளித்தார்களோ. வழக்கமான குற்றவாளி என்ற முத்திரை முன்பு குற்றப்பரம்பரை என்று பட்டியலிடப்பட்ட சீர்மரபினர் மேலேயே போய் விழுவதை உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில், சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. ஸ்டேஷன் பதிவேட்டுக்கு அந்தத் தீர்ப்பின் நகல் எப்போது வந்து சேரும் என்று சொல்வதற்கில்லை.

நல்ல செய்தி வேண்டுமா? சென்னைக் காவல்துறை 2022-இல் 'பறவை' என்று ஒரு திட்டம் தொடங்கியது. முதல்முறை வழக்கில் சிக்கிய இளைஞர்கள் மறுபடி அந்தப் பக்கம் போகாமல் இருக்க ஆலோசனை, பயிற்சி, வேலைக்கு வழி. யோசனை சரியானது, இளம் வயதில் பிடித்துத் திருப்புவதுதான் பலிக்கும். 2024-இல் அதே சென்னைக் காவல்துறை ஒரு செயலியும் வெளியிட்டது. ரவுடிகளும் பழைய குற்றவாளிகளும் எங்கே இருக்கிறார்கள், யாரோடு சுற்றுகிறார்கள் என்று கண்காணிக்கும் செயலி. பெயர் 'பருந்து'. பெயர் வைக்கும் குழுக்கள் இரண்டும் தனித்தனி அறையில் கூடியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவே அண்ணன் மறுபடி போன் செய்வார். "எப்படிடா இருக்க? எவனாவது தொந்தரவு பண்றானா?" இந்தக் கேள்வியை அரசுத் தரப்பிலிருந்து உங்களிடம் கேட்க வேண்டியவர் நன்னடத்தை அலுவலர். அவர் வராததற்காக அவரைத் திட்டாதீர்கள். நீதிமன்ற அறிக்கை, முன்விடுதலை அறிக்கை, விடுப்பு அறிக்கை என்று மேசை நிறையத் தாள். ஆயுள் கைதியை முன்கூட்டியே விடலாமா என்று அவர் ஒரு அறிக்கை எழுதுவார், விடலாம் என்பார். போலீஸ் ஒரு அறிக்கை எழுதும். ஊரில் அமைதி கெடும் என்று. உங்களைப் பற்றி அவ்வளவு எழுதிய பிறகு, உங்களை நேரில் பார்க்க யாருக்கு நேரம் இருக்கும்?

நீண்டகால இலக்கு

பாஸ்போர்ட் ஆசை இருந்தால் பொறுங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்தில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை என்றால், தீர்ப்பிலிருந்து ஐந்து ஆண்டு வரை மறுக்கலாம் என்கிறது சட்டம். நீங்கள் உள்ளே அதைவிட நீண்ட காலம் இருந்திருந்தால் வெளியே வரும்போதே தகுதி வந்துவிடும். போலீஸ் சரிபார்ப்பு என்ற சின்னச் சடங்கு மட்டும் பாக்கி.

ஆனால் உங்கள் முன்னால் இருக்கும் எல்லாத் தொழில்களிலும் ஒன்றை மட்டும் அழுத்திப் பரிந்துரைக்க விரும்புகிறேன். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 8-ஆம் பிரிவுப்படி இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்றவர், வெளியே வந்து ஆறு ஆண்டு தேர்தலில் நிற்க முடியாது. ஏழாம் ஆண்டு நிற்கலாம். அப்படித் தண்டனை பெற்றவர்களுக்கு ஆயுள் முழுவதும் தடை போட வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, 2025 பிப்ரவரியில் ஒன்றிய அரசு பதில் மனு கொடுத்தது. தண்டனையின் விளைவுக்குக் கால வரம்பு இருந்தால் அச்சமும் இருக்கும், தேவையற்ற கடுமையும் தவிர்க்கப்படும் என்பது அதன் சாரம். மறுவாழ்வைப் பற்றி இந்திய அரசு இதைவிடத் தெளிவாகச் சொல்லி நான் படித்ததில்லை. அதைக் கத்தரித்து பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்; பங்க் முதலாளியிடம் காட்டலாம், வீட்டுக்காரரிடம் காட்டலாம், ராத்திரி கதவைத் தட்டுபவரிடமும் ஒருமுறை காட்டிப் பார்க்கலாம்.

வேட்புமனுவோடு தரும் படிவம் 26-இல் வழக்கு விவரம் எல்லாம் எழுத வேண்டும். கூச்சப்படாமல் எழுதுங்கள், அங்கே அதைப் பார்த்து யாரும் பேட்டியை முடிக்க மாட்டார்கள். வழக்கு நிலுவையில் உள்ளவரை நிறுத்தினால், வேறு ஆள் இருக்க இவரை ஏன் தேர்ந்தெடுத்தோம் என்று கட்சியே காரணம் எழுதி ஊரறிய வெளியிட வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்களை வேலைக்கு எடுத்ததற்கு முதலாளியே விளக்கம் எழுதித் தரும் ஒரே தொழில் இது. சட்டமன்றத்துக்கு வைப்புத்தொகை 10,000 ரூபாய். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5,000. உதவிச் சங்கத்தின் சிறுதொழில் பட்டியலில் இது இல்லை. விண்ணப்பத்தில் 'இதர' என்ற கட்டத்தில் எழுதிக் கேட்டுப் பாருங்கள்.